புனேவுக்குப் பதினெட்டு மைல்

1778-இல் இந்தியாவின் மிகப் பெரிய அரசு, புனேவிலிருந்து பேஷ்வாக்கள் நடத்திய மராத்தியக் கூட்டரசு. அதன் மேற்குக் கரையில் ஒட்டிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் மாகாணத்துக்குத் தீவுகளும் சில துறைமுகங்களுமே சொத்து. ஆயினும் போருக்குக் கிளம்பியது பம்பாய்தான். புனே அரண்மனையின் பங்காளிச் சண்டை அதற்கு அந்தத் துணிவைத் தந்தது.

1773 ஆகஸ்ட் 30 அன்று இளம் பேஷ்வா நாராயணராவ் சனிவார்வாடாவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த சித்தப்பா ரகுநாதராவை அமைச்சர்கள் ஏற்கவில்லை. நாராயணராவ் இறந்தபின் பிறந்த மகன் சவாய் மாதவராவைப் பேஷ்வாவாக்கி, நானா பட்னாவிஸ் ஆட்சியை நடத்தினார். ரகுநாதராவ் பம்பாயிடம் அடைக்கலம் புகுந்து, 1775 சூரத் உடன்படிக்கையில் சால்செட் தீவையும் பேசினையும் தருவதாக ஒப்புக்கொண்டார். கம்பெனியின் தலைமை அரசு இருந்த கல்கத்தா அதை நிராகரித்து, 1776-இல் புரந்தரில் வேறு உடன்படிக்கை செய்தது. பம்பாய் ஆசையை விடவில்லை.

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களில் பீரங்கி ஏறாது. ஆகவே மழை ஓய்ந்தபின், 1778 நவம்பரில் படை புறப்பட்டது. வீரர்கள் சுமார் 3,900 பேர்; அவர்களில் ஐரோப்பியர் 600 பேர் அளவில். சாமான் சுமக்க 19,000-க்கும் மேற்பட்ட மாடுகள். தலைமை ஒருவர் கையில் இல்லை; கர்னல் எகர்ட்டன், கார்னாக், மாஸ்டின் அடங்கிய குழுவிடம் இருந்தது. புனேவில் தூதராக இருந்து நிலவரம் அறிந்த மாஸ்டின் நோயுற்றுத் திரும்பி, ஜனவரி 1 அன்று பம்பாயில் இறந்தார்.

டிசம்பர் 23 வாக்கில் படை போர்காட் கணவாயைத் தாண்டியது. அங்கிருந்து கார்லா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதைக் கடக்கப் பத்து நாளுக்கும் மேலானது. மராத்தியக் குதிரைப்படை எதிரில் நின்று மோதவில்லை. பக்கவாட்டில் தொல்லை கொடுத்து, சாமான் வரிசையைத் தாக்கி, உள்ளே இழுத்தது. ஜனவரி 4 அன்று கார்லாவில் பீரங்கிக் குண்டுக்குக் கேப்டன் ஸ்டூவர்ட் பலியானார். எதிரிகளே மெச்சிய அவரது வீரத்தை மராத்தி மக்கள் ‘இஷ்டுர் பாக்டா’ என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 9 அன்று படை தளேகாவை அடைந்தபோது ஊர் எரிக்கப்பட்டிருந்தது. தேவைப்பட்டால் புனேவையே கொளுத்தவும் மராத்தியர் ஆயத்தமாக இருந்தனர். ரகுநாதராவுக்காகத் திரளும் என்று நம்பிய சர்தார்களின் கூட்டம் வரவே இல்லை. அந்நியப் படை மலையேறியதும் மகாதஜி சிந்தியாவும் துக்கோஜி ஹோல்கரும் நானாவோடு ஒன்றாக நின்றார்கள். கையில் பதினெட்டு நாள் உணவு, புனேவுக்குப் பதினெட்டு மைல் என்ற நிலையில் குழு பின்வாங்க முடிவெடுத்தது.

ஜனவரி 11 இரவு பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, சாமான்களை எரித்துவிட்டுப் படை நகர்ந்தது. விடியுமுன் அது சூழப்பட்டது. பின்வரிசையில் கேப்டன் ஹார்ட்லியின் சிப்பாய்கள் ஊன்றி நின்றதால் எஞ்சியவர்கள் வட்கான் கிராமத்தை அடைந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர்.

ஜனவரி நடுவில் வட்கான் உடன்படிக்கை கையெழுத்தானது. 1773-க்குப் பின் பிடித்த பகுதிகளைத் திருப்பித் தரவும், வங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கோடார்டின் படையைத் தடுக்கவும் பம்பாய் ஒப்புக்கொண்டது. இரு அதிகாரிகள் பிணையாக விடப்பட்டார்கள். ரகுநாதராவ் சிந்தியாவிடம் சரணடைந்தார்.

இந்த உடன்படிக்கையைப் பம்பாயும் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சும் ஏற்க மறுத்தனர். எகர்ட்டன், கார்னாக், படை அதிகாரி காக்பர்ன் மூவரும் பதவி நீக்கப்பட்டனர். போர் நீண்டது. 1780-இல் அகமதாபாத், குவாலியர், பேசின் கம்பெனி வசமாயின. ஆனால் 1781-இல் அதே போர்காட்டிலிருந்து கோடார்டும் பெருத்த இழப்போடு பன்வேலுக்குத் திரும்பினார். இதற்கிடையே நானா, நிஜாமையும் ஹைதர் அலியையும் கம்பெனிக்கு எதிராகத் திரட்டினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனி அதிகாரி பெய்லியின் படையை ஹைதர் தரப்பு அழித்தது. புனே அரண்மனைச் சண்டையில் தலையிட்டதன் விலையைத் தமிழகத்து ஊர்களும் கொடுக்க நேர்ந்தது.

இரு முனைப் போரைத் தாங்க முடியாமல், சிந்தியாவின் சமரசத்தோடு 1782 மே 17 அன்று கம்பெனி சால்பை உடன்படிக்கைக்கு வந்தது. பேசின் மராத்தியருக்குத் திரும்பியது. சால்செட் கம்பெனியிடம் தங்கியது. சவாய் மாதவராவே பேஷ்வா என ஏற்கப்பட்டார். ரகுநாதராவுக்கு மாதம் 25,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைத்தது. ஏழாண்டுப் போரில் பம்பாய் பெற்ற சால்செட், அது 1774 டிசம்பரிலேயே பிடித்திருந்த தீவுதான்.