வானத்துப் பந்தி: விமான முதலாம் வகுப்பில் உணவு பரிமாறும் முறையின் வரலாறு

உண்ணுதல் உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான செயல். உணவைப் பரிமாறுதலோ மனித சமுதாயத்துக்கே உரிய கலை. யாருக்கு முதலில் இலை போடுவது, யாரை எவ்விடத்தில் இருத்துவது, எதனை எவ்வரிசையில் வைப்பது என்பன, ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதைச் சொல்லாமற் சொல்வன. ஒரே பந்தியில் இருந்தவர்களுக்கு வேறுபாடு காட்டிப் பரிமாறுதலைப் 'பந்தி வஞ்சனை' எனப் பெயரிட்டு நம் முன்னோர் இழித்துரைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் பெரும் புதுமையாகிய ஆகாய விமானத்தில் இப்பரிமாறும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், வேறுபாடு காட்டுதலே அங்கு எவ்வாறு விதியாயிற்று என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமான உணவின் தொடக்கம் மிக எளியது. 1919ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி, இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே விமானம் செலுத்திய ஹான்ட்லி பேஜ் கம்பனி, பொதிசெய்த உணவுப் பெட்டிகளை மூன்று சிலிங் விலைக்குப் பிரயாணிகளுக்கு விற்றது. இதனையே விமான உணவின் பிறப்பெனக் கொள்வர். அந்நாளைய விமானத்தில் உணவைச் சூடாக்க அடுப்பில்லை. காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதியுமில்லை. இரைச்சலும் குளிரும் குலுக்கமும் மிகுந்திருந்தன. உண்டதை வயிற்றில் நிறுத்திக்கொள்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், பரிமாறும் அழகைப் பற்றி எண்ணியவர் சிலரே.

ஆயினும், விமானத்தில் ஏறத்தக்க பொருள்வளம் படைத்தோர் பெருங்கப்பல்களின் முதலாம் வகுப்பு உணவு மண்டபத்துக்கும், புகையிரதத்தின் உணவு வண்டிக்கும் பழகியவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் ஜோர்ஜ் புல்மன் என்பவர் 1868ஆம் ஆண்டிலேயே 'டெல்மொனிகோ' என்னும் உணவு வண்டியை ஓடவிட்டார். நியூயோர்க் நகரிலிருந்த புகழ்பெற்ற உணவகத்தின் பெயர் அது. ஓடும் வண்டியிலும் நகரத்து விருந்தைப் பெறலாம் என்பதே அப்பெயரின் உட்பொருள். விமானம் கப்பலையும் புகையிரதத்தையும் விரைவால் வென்றது, வசதியால் வெல்லவில்லை. அன்றியும், பறத்தல் பற்றிய அச்சம் பிரயாணிகளின் உள்ளத்தில் நிலைத்திருந்தது. வெண்ணிற மேசைவிரிப்பும் பீங்கானும் உலோகக் கரண்டியும் அவ்வச்சத்தை ஆற்றும் மருந்தாயின. தரையிற் கண்ட ஒழுங்கை வானிலுங் காண்பவன், தரையில் உள்ள பாதுகாப்பும் தன்னோடு வந்ததென எண்ணி அமைதியடைகின்றான்.

இதனை உணர்ந்த பிரித்தானிய இம்பீரியல் எயார்வேஸ் கம்பனி, 1927இல் 'வெள்ளிச் சிறகு' எனப் பொருள்படும் பெயருடன், பரிசாரகர் ஒருவர் பகலுணவு வழங்கும் சேவையை இலண்டன்-பாரிசு வழியில் தொடங்கிற்று. 1931இல் அதே கம்பனி சேவையில் இட்ட பெரிய விமானங்களின் உட்புறம், புகையிரதத்தின் புல்மன் வண்டியைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு மே மாதம் எலன் சேர்ச் என்னும் தாதி முதலாவது விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரைத் தொடர்ந்து சேர்க்கப்பட்டவர்களும் தாதியர்களே. உணவு வழங்குங் கை நோய் தணிக்குங் கையாகவும் இருத்தல் வேண்டுமெனக் கம்பனி கருதியமை இதனாற் புலப்படும். 1939இல் பான் அமெரிக்கன் கம்பனி அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் செலுத்திய போயிங் 314 என்னும் பறக்கும் படகில் தனி உணவுக்கூடமே இருந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த பரிசாரகர் அங்கே முறைமுறையாகப் பந்தி நடத்தினர். கப்பலின் மண்டபம் சிறுத்து வானில் ஏறிற்று எனலாம்.

இங்கு வேறொரு செய்தியையும் நோக்குதல் தகும். முதலாம் வகுப்பில் உணவு ஒரே தட்டத்தில் வருவதில்லை. முன்னுணவு, சூப்பு அல்லது சலாது, முதன்மை உணவு, பாற்கட்டி, இனிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றது. ஐரோப்பியர் முன்னாளில் பல பண்டங்களை ஒருங்கே மேசையிற் பரப்பி உண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ரஷ்ய முறை' எனப்பட்ட வரிசைப் பரிமாறல் அவ்விடத்தைப் பிடித்தது. இம்முறைக்கு ஏவலரும் பாத்திரங்களும் மிகுதியாக வேண்டும்; காலமும் வேண்டும். ஆகவே அது செல்வத்தின் அடையாளமாயிற்று. இடமும் ஆளும் மிகக் குறைந்த விமானத்தில் அம்முறையைக் கைக்கொள்ளுதல் மற்றெங்கும் செய்வதிலும் அரிய காரியம். அவ்வருமையே அதன் பெருமைக்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. 1945இல் ஹவானா நகரில் நிறுவப்பட்ட சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கூட்டங்களிலே கம்பனிகள் கூடிக் கட்டணங்களை முடிவுசெய்தன. 1952இல் அத்திலாந்திக் வழியில் 'சுற்றுலா வகுப்பு' தோன்றிற்று. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதனினும் மலிவான 'சிக்கன வகுப்பு' தொடங்கப்பட்டது. இவ்வகுப்பினர்க்குச் சூடான உணவு கூடாது, சான்ட்விச் மட்டுமே வழங்கலாம் என்பது உடன்படிக்கை.

ஆனால் சான்ட்விச் என்பது யாது? இவ்வினாவே பெரும் பிணக்காயிற்று. அமெரிக்கர்க்கு அது இரு பாண் துண்டுகளுக்கு இடையே ஏதேனும் வைத்தது. ஸ்கண்டிநேவியருக்கோ ஒரு பாண் துண்டின் மேல் இறைச்சியும் பாற்கட்டியும் பிறவும் அழகுற அடுக்கி, கத்தியும் முள்ளுக்கரண்டியுங் கொண்டு உண்பது. ஸ்கண்டிநேவியக் கம்பனியும் ஒல்லாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து நாட்டுக் கம்பனிகளும் இத்தகைய சான்ட்விச்சுகளை வழங்கவே, பான் அமெரிக்கன் கம்பனி முறையிட்டது. பத்திரிகைகள் இதனைச் 'சான்ட்விச் போர்' என நகைத்தெழுதின. சங்கமோ நகைக்கவில்லை. சான்ட்விச் குளிர்ந்ததாயும், எளியதாயும், அலங்காரமற்றதாயும், மலிவானதாயும் இருத்தல் வேண்டும். பாண் கண்ணுக்குப் புலனாதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஸ்கண்டிநேவியக் கம்பனிக்கு 20,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டது.

ஒரு துண்டுப் பாணுக்கு இத்துணைப் பூசல் ஏன்? கட்டணம் யாவர்க்கும் ஒன்றாயிருந்தமையின், ஒரு கம்பனி மற்றொன்றை வெல்வதற்கு உணவுத் தட்டம் சிறந்த களமாயிற்று என்பது ஒரு காரணம். இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. அதே 1958ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. பான் அமெரிக்கன் கம்பனி தன் முதலாம் வகுப்புக்குப் பாரிசின் மாக்சிம்ஸ் உணவகத்தின் பெயரால் விருந்தளித்தது. பொரித்த இறைச்சியைத் தள்ளுவண்டியிற் கொணர்ந்து பிரயாணியின் கண்முன்னே அரிந்து வழங்கினர். ஒரே விமானம், ஒரே வேகம், ஒரே வேளையில் இறங்குதல். பின்னிருப்போரின் உணவும் அழகுற்றதாயின், முன்னிருக்க மிகுபணம் கொடுப்பார் குறைவர். எனவே முன்னறையின் சிறப்பைக் காக்கப் பின்னறையின் எளிமையும் காக்கப்பட வேண்டியதாயிற்று.

காலப்போக்கில் அவ்விதி தளர்ந்தது; சிக்கன வகுப்பிலும் சூடான உணவு வந்தது. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியதும் போட்டி தட்டத்தினின்றும் விலைக்குத் தாவிற்று. 1987இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தலைவர் ரொபேட் கிரண்டல், சலாதிலிருந்து ஓர் ஒலிவ்காயை நீக்குவித்து ஆண்டுக்கு 40,000 டொலர் மிச்சப்படுத்தினார் என்று கூறுவர். மறுபுறத்தில், சிங்கப்பூர்க் கம்பனி 1998இல் பன்னாட்டுச் சமையல் வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. கட்டண வேறுபாடு பெருகப் பெருக, முன்னறையின் அலங்காரமும் பெருகிற்று. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதியின் கொடுஞ்செயலுக்குப் பின் சில காலம் உயர்ந்த பீங்கானின் அருகே பிளாஸ்டிக் கத்தி வைக்கப்பட்டமை, அச்சம் பந்தியை எங்ஙனம் மாற்றும் என்பதற்குச் சான்று.

இயற்கையோ வகுப்பு வேறுபாட்டை அறியாது. 2010இல் ஜேர்மனியின் பிரௌன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர், விமான அறையின் தாழ்ந்த காற்றழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்புச் சுவை 20 முதல் 30 வீதமும், இனிப்புச் சுவை 15 முதல் 20 வீதமும் குறைவாகவே நாவிற்குத் தோன்றுமெனக் கண்டனர். தரையிற் சமைத்துக் குளிரூட்டி, வானிற் சூடாக்கிய உணவையே முன்னறையினரும் உண்கின்றனர். நாவுக்கு எட்டாததைக் கண்ணுக்கு ஈடுசெய்வதே அங்குள்ள அலங்காரத்தின் பெரும்பங்கு.

மிகுபணம் கொடுத்தவன் மிகுதியாகப் பெறுதல் வாணிக நீதி. அதனை வஞ்சனை என்றல் பொருந்தாது என ஒருவர் கூறலாம். அது ஏற்கத்தக்கதே. ஆயின் 1958ஆம் ஆண்டின் தீர்ப்பு, முன்னிருப்போர்க்கு மிகுதியாகக் கொடுங்கள் என்று கூறவில்லை. பின்னிருப்போர்க்கு அழகாகக் கொடாதீர்கள் என்றது. கொடுக்க ஒருவன் விரும்பியும் கொடாமல் தடுப்பதே பந்தி வஞ்சனையின் இலக்கணம்.

ஆனால் அயலார் செயலைக் கண்டு நகைக்குமுன் நம் வரலாற்றையும் நாம் நினைத்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வேண்டி நல்லோர் உழைத்தபோது, அதனைப் பொறாதோர் சில பாடசாலைகளுக்குத் தீயும் இட்டனர். விமானத்தின் திரைச்சீலையைப் பணம் விலக்கும். நம்மிடையே தொங்கிய திரையைப் பணமும் விலக்கவில்லை, கல்வியும் எளிதில் விலக்கவில்லை. வானத்துப் பந்தியின் வரலாற்றைக் கற்கும் மாணவர், நிலத்துப் பந்தியின் வரலாற்றையும் உடன்வைத்துக் கற்பாராயின், எவ்விலைக்கு எதனைப் பரிமாறுவது என்பது வாணிகன் வினா, எவரை எவரோடு இருத்துவது என்பது சமுதாயத்தின் வினா என்பதைத் தெளிவர். முன்னையதற்கு விடை காலந்தோறும் மாறலாம்; பின்னையதற்குச் சமபந்தி ஒன்றே விடை.