ஒரே கொப்பி

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அச்சுப் புத்தகம் எண்டால் வேறெங்கோ இன்னொரு பிரதி இருந்திருக்கலாம். ஏட்டுச்சுவடிக்கு? படியெடுக்காமல் விட்டது அண்டைக்கே முடிஞ்சுது. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து, ஆரும் இறக்கி வைக்க விட்டது. இறக்கினவரின்ர கணினியிலும் ஒரு பிரதி.

எங்கட வீட்டில அம்மம்மாவின் படங்கள் மடிக்கணினியில் மட்டும்தான் கிடந்தன. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அதையும் அதே மேசையில வச்சால் கள்ளனுக்கு ரெண்டும் ஒண்டாய்க் கிடைக்கும். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டிப்போடும். கொப்பி பண்ணினவுடன் கழற்றி, பெரியம்மா வீட்டு அலுமாரியில வைக்கிறன், கிளவுட்டில் இன்னொன்று. இடைக்கிடை திறந்தும் பார்க்கவேணும். போனமுறை ரெண்டு படம் திறபடேல்லை.