போறணையும் ஓய்வுநாளும்

நத்தார்க் காலத்திலே குடும்பத்தினர் சூழ்ந்திருக்க, தாய் மாக்குழைத்துக் கேக் சுடும் காட்சி ஆங்கில நாட்டின் ஆதிகால மரபென்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றோம். வாழ்த்து அட்டைகள் வளர்த்துவிட்ட எண்ணம் அது. அக்காட்சிக்கு வீட்டிலே ஒரு போறணை வேண்டும். வேலைக்குப் போகவேண்டாத ஒரு நாளும் வேண்டும். (நத்தார், பாண், போறணை ஆகிய சொற்களை நமக்கு விட்டுச்சென்றவர் போர்த்துக்கேயர்.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டன் ஏழைக்கு இவ்விரண்டும் அரிதாகவே கிட்டின.

1843இல் வெளிவந்த சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையை மாணவருக்குக் கற்பிக்கும்போது ஒரு செய்தியை நாம் கவனியாது கடந்துவிடுகிறோம். எழுதுவினைஞர் பொப் கிரச்சிற்றின் குடும்பம் தன் நத்தார் வாத்தைப் பாண்காரனின் போறணைக்கு அனுப்பியே வாட்டுவிக்கின்றது. புடிங்கோ துணி அவிக்கும் செப்புக் கொப்பரையில் வேகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏழைகள் இவ்வாறே உணவைச் சுமந்து சென்றனர். அதனையும் தடுக்கவல்ல ஞாயிறு ஒழுக்க மசோதாக்களை அன்று அன்ட்ரூ அக்னியூ பாராளுமன்றத்திற் கொணர்ந்தார். செல்வர் வீட்டு ஏவலாளரின் ஞாயிற்று உழைப்பை மட்டும் அவை தீண்டவில்லை! 1836இலேயே டிக்கன்ஸ் இதனைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார்.

எனினும், அப்போறணை முன் நின்றவன் யார்? அவனும் தொழிலாளியே. டிக்கன்ஸின் அன்புள்ளம் இக்கேள்வியை அதிகம் தொடரவில்லை. பாண் தொழிலாளர் நிலைபற்றி 1862இல் திரெமென்ஹியர் அளித்த அரசாங்க அறிக்கையையும் பிற சான்றுகளையும் கொண்டு கார்ல் மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ நூலில் அந்நிலையை விரித்துரைக்கின்றார். இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கும். மாவைப் பிசைந்து முடித்ததும், மாத்தொட்டியை மூடும் பலகையின் மீதே ஒரு சாக்கை விரித்து, இன்னொன்றைத் தலையணையாகச் சுருட்டி, இரண்டு மணிநேரம் அவன் உறங்குவான். பின்னர் மறுநாளும் ஓயாத வேலை. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதிற்குட்பட்டோரை இரவு ஒன்பது முதற் காலை ஐந்துவரை வேலை வாங்குவதைத் தடுத்தது; வளர்ந்தோரின் இரவுகள் முதலாளிகளிடமே இருந்தன.

ஓய்வுநாளும் இவ்வாறே சிறிது சிறிதாக வந்தது. நெசவாலைச் சிறுவருக்கும் இளையோருக்கும் நத்தார் தினத்தை முழு விடுமுறையாக்கியது 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். நத்தாருக்கு மறுநாள் 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டத்தினாற் கிடைத்தது. இதனிடையே கேக்கின் வரலாறும் மாறியது. உலர்ந்த பழங்கள் நிறைந்த பெரிய கேக் முன்னர் ஜனவரி 6ஆந் திகதியை ஒட்டிய பன்னிரண்டாம் இரவுக்கே உரியது. பன்னிரு நாட் கொண்டாட்டத்தை ஆலைச் சங்கு குறுக்கிவிட, கேக்கும் நத்தாருக்கு நகர்ந்தது.

தொழிலாளர் வீடுகளிற் பலவற்றுக்கு வாயு அடுப்பு வந்தது 1890களிலேதான். ஒரு பென்னி நாணயத்தை மானியின் துளையிலிட்டால் அக்காசுக்குரிய அளவு வாயு வரும். தீர்ந்ததும் நெருப்பு அணையும். கேக் வேகுமுன் அணைந்துவிடாதிருக்க, இன்னொரு பென்னியைக் கையில் வைத்துக்கொண்டே அத்தாய்மார் போறணை முன் காத்திருக்க வேண்டியிருந்தது.