நர்ஸுக்கு எதுக்கு டிகிரி?

1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கையில் (யுத்தம் இல்லைங்க, தலைவர் பெயர் சர் ஜோசப் போர்) இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டரைவிட நர்ஸ் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அரிது!

பயிற்சிப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே ஒன்று ஆரம்பித்திருந்தார். ஆனால் பொதுவாக அந்தக் காலத்து நர்சிங் மாணவி என்றால் பாதி மாணவி, பாதி வார்டு வேலைக்காரி. ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும், அவளுக்குப் படிப்பு வேண்டும். இரண்டும் மோதினால் ஜெயிப்பது எதுவென்று சொல்லத் தேவையில்லை. இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்கள்?

அதே 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியதை நான் இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு 37 வருஷம்.

டெல்லியிலும் அதே ஆண்டு ஒரு நர்சிங் கல்லூரி வந்தது. 'நாட்டிலேயே முதல்' எது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.