மட்டக்குதிரைப் புண் ஏன் முந்தி ஆறுது?

மாட்டைப் பத்திப் பேசுறவர் இன்னைக்குக் குதிரைப் புண்ணைப் பத்திப் பேச வந்துட்டாரேன்னு நினைக்காதீங்க. ஒரே மாதிரிக் காயம், ஒரே பராமரிப்பு. ஒரு சாதிக்கு ஆறுது, இன்னொரு சாதிக்கு இழுத்தடிக்குது. அது ஏன் என்று கண்டுபிடித்த கதை இது.

குதிரைக்குத் தொடையில் காயம் பட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழே பட்டால்தான் தொல்லை. அங்கே சதைப்பிடிப்பு கிடையாது. தோல் இறுகி இருக்கும். கம்பி வேலி கிழித்த புண், மூடுவதற்குப் பதிலாகச் சிவப்புச் சதை பொங்கி, பூக்கோசு மாதிரி வெளியே தள்ளும். அதன்மேல் தோல் ஏறாது. அப்புறம் அந்தக் குதிரை சவாரிக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது.

ரோமானியர் காலத்திலேயே வெஜீஷியஸ் என்பவர் குதிரை வைத்திய நூல் எழுதினார். 1762-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் பூர்ஜெலா கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். ஆனாலும் பொங்குசதைக்கு மயில்துத்தம் வைத்துக் கரிக்கிற பழக்கம் வெகுகாலம் நீடித்தது. துத்தம் பொங்கின சதையை மட்டுமா கரிக்கும்? ஓரத்தில் வளர்ந்து வரும் இளந்தோலையும் சேர்த்துத்தான் கரிக்கும். சதையில் பாதி, தோலில் பாதி போனால் புண் எப்படி மூடும், சொல்லுங்க.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் ஒரு மட்டக்குதிரை உண்டு. உயரம் 42 அங்குலத்தைத் தாண்டாது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாதென்று 1842-இல் பிரிட்டனில் சட்டம் வந்தபின், நிலக்கரி வண்டி இழுக்க இதுகளை இறக்கினார்கள். கெட்டி உடம்பு.

ஆலந்து நாட்டு உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வில்மிங்க் குழுவினர் 5 பெரிய குதிரைகளையும் 5 ஷெட்லாந்து மட்டக்குதிரைகளையும் எடுத்துக்கொண்டு, காலிலும் பின்தொடைப் பக்கத்திலும் ஒரே அளவுக் காயங்கள் ஆறுவதை அளந்தார்கள். 1999-இல் முடிவு வெளியானது. இரண்டு இடத்திலும் மட்டக்குதிரைதான் முந்தியது.

காரணம் என்னன்னா, காயம் பட்டதும் ரத்தத்து வெள்ளை அணுக்கள் கிருமியை அழிக்க ஓடி வரும். மட்டக்குதிரையில் அந்த வேலை ஆரம்பத்திலேயே மும்முரமாக நடந்து, சீக்கிரம் முடிந்துவிடும். பெரிய குதிரையில் மந்தமாகத் தொடங்கி, நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். அழற்சி ஓய்ந்தால்தான் புண்ணைச் சுருக்கும் அணுக்கள் வரிசையாக நின்று, சுருக்குப்பைக் கயிற்றை இழுத்த மாதிரி வாயை மூடும். ஓயாத புண்ணில் சதைதான் பொங்கும்.

பொங்குசதையில் நரம்பு இல்லை. டாக்டர் கத்தியால் சீவினால் வலிக்காது, ஆனால் ரத்தம் நிறைய வரும், நாமே கைவைக்கக் கூடாது. சீவின இடத்தில், கழுத்துத் தோலைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்து, நாற்று நடுகிற மாதிரி இடைவெளி விட்டு ஊன்றுகிறார்கள். பிடித்த துண்டு ஒவ்வொன்றும் சுற்றிலும் படர்ந்து, பக்கத்துத் துண்டோடு சேர்ந்துகொள்கிறது.