கழுத்தென்பும் திருகாணியும்

கழுத்து முள்ளந்தண்டென்புகள் ஏழு. அவற்றின் நடுவே முண்ணாண் செல்கின்றது. மேலாறு என்புகளின் இருமருங்கும் மூளைக்குக் குருதி கொண்டேகும் நாடி பெரும்பாலும் ஊடுருவுகின்றது. முறிந்த கழுத்தைத் திருகாணியாற் பிணிக்க முயன்ற மருத்துவர்க்கு இவ்விரண்டுமே பேரச்சமாயின. பாரிசு நகரத்து ரோய் கமீல் 1970களில் என்பின் பக்கத்திரளிலே ஆணியைச் செலுத்தி அவற்றைத் தவிர்த்தார். யப்பானிய அறிஞர் அபூமி, என்பின் குறுகிய காம்பினூடாகச் செலுத்தும் முறையை 1994இல் வெளியிட்டார். பிடி வலுத்தது, ஆயின் பிழைக்கு இடம் சுருங்கியது.

கணினிப் படத்தில் வகுத்த பாதையிலே கருவியை நிறுத்தும் முள்ளந்தண்டு றோபோவுக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. மார்பிலும் இடுப்பிலும் பழகிய அக்கருவி பின்னரே கழுத்தை அணுகிற்று. எனினும், படமெடுத்தபின் கழுத்தென்பு சிறிது விலகினும் வகுத்த பாதை பொய்க்கும். ஆகவே, றோபோ வழிகாட்டினும் அவ்வழியைச் சரிபார்க்கும் பொறுப்பு மருத்துவருடையதே.