கருவூலத்தின் சாவி

ஆங்கில நாடாளுமன்றம் மன்னரோடு போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று கருவூலத்தின் சாவி. அதன் வழிவந்ததே, சட்டமியற்றி ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கலாகாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் விதி.

1974இல் இயற்றப்பட்ட சட்டம், நிதியாண்டின் தொடக்கத்தை ஜூலையிலிருந்து அக்டோபருக்குத் தள்ளிக் காங்கிரசுக்கு மூன்று மாத அவகாசம் தந்தது. பயன் சொற்பமே. அதற்குப் பின் ஒதுக்கீட்டு மசோதாக்கள் அனைத்தும் உரிய காலத்தில் நிறைவேறியது 1977, 1989, 1995, 1997 ஆகிய நான்கே நிதியாண்டுகளுக்குத்தான். பிற ஆண்டுகளில் 'தொடர் தீர்மானம்' என்னும் இடைக்காலச் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது.

அதுவும் தவறினால்? 1980 வரை அலுவலகங்கள் செலவைச் சுருக்கிக்கொண்டு இயங்கின. அவ்வாண்டு அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு அற்றுப்போனால் பணிகளை நிறுத்தியாக வேண்டும் என்று பழைய சட்டமொன்றுக்கு விளக்கமளித்தார். ஒழுங்கு கருதிச் சொன்ன விளக்கம் பேரத்துக்கு ஆயுதமாயிற்று. 2018-19இல் எல்லைச் சுவரை முன்னிட்டு 35 நாள், 2025இல் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை முன்னிட்டு 43 நாள் அரசு முடங்கியது.

முடக்கம் செய்தியாகிறது, தீர்மானம் ஆவதில்லை. ஆனால் கவலை தருவது பின்னதே. அது பெரும்பாலும் சென்ற ஆண்டின் அளவையே நீட்டிக்கிறது. புதிய திட்டங்களுக்குப் பொதுவாக அதில் இடமில்லை. முதியோர் ஓய்வூதியம் போன்ற பெருஞ்செலவுகள் தனிச் சட்டங்களின்படி தாமே நடக்கின்றன. பள்ளிக்கு எவ்வளவு, படைக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் விவாதித்து முடிவுசெய்ய வேண்டிய பகுதிதான் விவாதமின்றி உறைகிறது. மன்னரிடமிருந்து மீட்ட சாவி, இன்று பழைய கணக்கேட்டின் கையில் இருக்கிறது.